பனிக்காலப் புடாபெஸ்ட்டில் சேச்செனி வெந்நீர்க் குளியலகம்: ஒரு மதிப்புரை

குளிர்காலத்தில் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ட்டைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர் முதலில் எங்கே போக வேண்டும் என்று கேட்டால், நாடாளுமன்றக் கட்டடத்தையோ கோட்டைக் குன்றையோ நான் சொல்ல மாட்டேன். நகரப் பூங்காவின் ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் பரந்து நிற்கும் சேச்செனி வெந்நீர்க் குளியலகத்தைத்தான் சொல்வேன். டிசம்பர், ஜனவரி மாதங்களில் அங்கே காலை ஏழரை மணி அளவில்தான் பொழுது விடிகிறது. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும் நாட்களில் டான்யூப் ஆற்றின் மேலிருந்து வீசும் காற்று, எத்தனை கம்பளி அணிந்திருந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் விரல் நுனிகளை மரக்கச் செய்துவிடும். அதன் பிறகு பயணிகள் ஏதேனும் ஒரு காபிக் கடையில் ஒதுங்கி, இருக்கிற கொஞ்சப் பகலையும் கண்ணாடிக்குள்ளிருந்தே கழித்துவிடுகிறார்கள். காலையிலேயே வெந்நீரில் ஊறி எழுந்தவருக்கு அந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. உள்ளே ஏறிய சூடு உடனே உடலை விட்டு இறங்குவதில்லை. பழைய தெருக்களில் நின்று நிதானித்துப் பார்க்கும் பொறுமை தானாகவே வந்துவிடுகிறது.

குளியலகத்துக்குப் போகும் வழியே பார்க்கத் தக்கது. வோரோஷ்மார்ட்டி சதுக்கத்திலிருந்து புறப்படும் முதலாம் எண் சுரங்க ரயிலில் ஏறி, சேச்செனி குளியலகம் என்ற பெயரையே கொண்ட நிலையத்தில் இறங்கலாம். 1896ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்ட இந்தத் தடம், ஐரோப்பியப் பெருநிலத்தில் மின்சாரத்தால் ஓடிய முதல் சுரங்க ரயில் ஆகும். தனக்கு மேலே செல்லும் ஆந்த்ராஷி சாலையோடு சேர்த்து 2002இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. தெருவிலிருந்து சில படிகள் இறங்கினாலே நடைமேடை வந்துவிடுகிறது. வெள்ளைச் சுவர் ஓடுகள், இரும்புத் தூண்கள், தலை இடிக்குமோ என்று தோன்றும் அளவுக்குத் தாழ்ந்த கூரை, மரச்சட்டமிட்ட பெயர்ப்பலகை ஆகியவற்றுக்கு நடுவே சின்னஞ்சிறு மஞ்சள் பெட்டிகள் வந்து நிற்கின்றன. வெளியே உறைபனி கிடக்கும் காலையில், வேலைக்குப் போகும் நகரவாசிகளோடு தோளுரசி நின்று போகும் அந்தப் பத்து நிமிடப் பயணத்தை டாக்ஸியில் ஏறித் தவறவிட வேண்டாம்.

இந்த நகரத்துக்கு வெந்நீர் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு போனால் குளியலின் சுவை கூடும். ஆற்றின் மேற்கே உள்ள புடா குன்றுகள் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையால் ஆனவை. அங்கே பெய்யும் மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியாக ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உள்வெப்பத்தால் சூடேறி, டான்யூபை ஒட்டிச் செல்லும் பிளவுக் கோட்டின் வழியே மறுபடி மேலே வருகிறது. அதனால் மேற்குக் கரையில் ஊற்றுகள் தாமாகவே பொங்கின. ரோமானியர்களும் பின்னர் உஸ்மானியத் துருக்கியர்களும் அவற்றைக் குளியலுக்குப் பயன்படுத்தினார்கள். சமவெளியான கிழக்குக் கரையில், அதாவது பெஸ்ட் பகுதியில், அந்த நீரைத் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வில்மோஷ் ஜிக்மோண்டி என்ற சுரங்கப் பொறியாளர் நகரப் பூங்காவில் தொடங்கிய ஆழ்துளைக் கிணறு, பத்தாண்டு உழைப்புக்குப் பின் 1878இல் 970 மீட்டர் ஆழத்தில் வெந்நீரை எட்டியது. இன்று உள்ள மாளிகை 1913இல் திறக்கப்பட்டது. திறந்தவெளிக் குளங்கள் 1927இல் சேர்ந்தன. நீரின் தேவை பெருகியதால் 1938இல் 1,256 மீட்டர் ஆழத்தில் இரண்டாவது கிணறு முடிக்கப்பட்டது. அதிலிருந்து ஏறத்தாழ 77 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மேலேறும் நீரைக் குளிப்பதற்கு ஏற்றபடி ஆற்றியே தொட்டிகளில் விடுகிறார்கள். பக்கத்து விலங்குக் காட்சிசாலையில் நீர்யானைகள் வாழும் தொட்டிக்கும் இந்த வெந்நீரே போகிறது. கடுங்குளிர் நாட்டில் அவை செழித்துக் குட்டி ஈனுவதற்கு இதுவே காரணம் என்று அங்குள்ளவர்கள் பெருமையோடு சொல்வதுண்டு.

நுழைவுச் சீட்டு மலிவானதல்ல. ஒருவருக்கு ஹங்கேரிய நாணயத்தில் 10,000 ஃபோரின்ட்டுக்கு மேல் ஆகிறது. வார இறுதியில் இன்னும் கூடும். லாக்கர் மட்டும் எடுத்துக்கொண்டு பொது அறையில் உடை மாற்றலாம், அல்லது சற்றுக் கூடுதலாகக் கொடுத்துத் தனிச் சிற்றறை எடுக்கலாம். குளிர்காலத்தில் தனிச் சிற்றறைக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது என்பது என் கருத்து. கோட்டு, கம்பளிச் சட்டை, உள்ளே இன்னொரு சட்டை, இரட்டைக் காலுறை, பனிக் காலணி என்று அணிந்து வந்த அத்தனையையும் கழற்றி வைக்கவும், ஈர உடலோடு திரும்பி வந்து ஒவ்வொன்றாக அணியவும் ஒதுக்கமான ஓர் இடம் வேண்டும். கையில் கட்டிவிடும் பட்டையே நுழைவாயிலையும் அறைக் கதவையும் திறக்கிறது. துவாலை, ரப்பர் செருப்பு, நீச்சலுடை மூன்றையும் கையோடு கொண்டுபோவது நல்லது. வெளியில் உள்ள நீச்சல் குளத்தில் நீந்த விரும்பினால் தலையுறையும் கட்டாயம். கட்டடம் பெரியது, கூடங்களும் நடைவழிகளும் ஒன்றுபோலவே தோன்றுவன. ஆகவே உடை மாற்றிய அறையின் எண்ணையும், எந்தப் படிக்கட்டு வழியாக வந்தோம் என்பதையும் மனத்தில் பதித்துக்கொண்டு நகர வேண்டும்.

இனி, இந்த இடத்தை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணமான திறந்தவெளிக் குளத்துக்கு வருகிறேன். முற்றத்துக்குச் செல்லும் கதவைத் தள்ளியதும் குளிர் நேராக மார்பில் வந்து மோதுகிறது. கதவுக்கும் குளத்துக்கும் இடையே சில எட்டுகளே இருந்தாலும், ஈரம் உறைந்து வழுக்கும் கற்தரையில் ஓடவும் முடியாது, நிற்கவும் முடியாது. துவாலையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, கைப்பிடிக் கம்பியைப் பற்றி முதல் படியில் கால் வைத்தவுடன், கணுக்காலில் தொடங்கும் வெதுவெதுப்பு படிப்படியாக ஏறி, கழுத்துவரை இறங்கி அமரும்போது முதுகுத்தண்டு முழுவதையும் தளர்த்திவிடுகிறது. நீரின் வெப்பம் 38 டிகிரியை ஒட்டியது. தலைக்கு மேலே உள்ள காற்றோ உறைநிலையை ஒட்டியது. இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் எழும் ஆவி எதிரே அமர்ந்திருப்பவரின் முகத்தைக்கூட மறைக்கும் அளவுக்கு அடர்ந்திருக்கிறது. காற்று சற்றே அசைந்ததும் திரை விலகி, குவிமாடங்களும் தூண்வரிசைகளும் மஞ்சள் சுவர்களும் ஒரு கணம் தெரிந்து மறைகின்றன. நனைந்த முடி நுனியில் உறைபனி படிவதையும், குளத்தின் விளிம்புக் கல்லில் தெறித்த நீர் கெட்டிப்படுவதையும் மிக அருகில் பார்க்கலாம். கோடையில் இதே குளம் மற்றுமொரு நெரிசலான குளமாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். குளிர்காலத்தில்தான் அந்த வெப்பத்துக்கு அர்த்தம் வருகிறது.

விடியற்காலையில் அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் நகரத்து முதியவர்கள். ஹங்கேரியில் வெந்நீர்க் குளியல் என்பது மருத்துவத்தின் ஒரு பகுதி. மூட்டு நோய்களுக்கும் முதுகு வலிக்கும் மருத்துவர்கள் சீட்டு எழுதிக் கொடுக்கும் சிகிச்சை. சேச்செனியும் மருத்துவக் குளியலகம் என்ற தகுதியோடுதான் இயங்குகிறது. குளத்துக்குள்ளேயே சதுரங்கப் பலகைகள் அமைந்திருக்கின்றன. நெஞ்சளவு நீரில் நின்றபடி ஆடும் பெரியவர்களைப் பற்றிப் பயணிகள் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். நான் பார்த்த ஆட்டத்தில் ஒருவர் தலையில் கம்பளிக் குல்லாயோடு நின்றிருந்தார். மற்றவர் குதிரையைத் தூக்கிய கையை நீருக்கு மேலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். அந்தக் கையின் ரோமங்களிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. சுற்றி நின்ற நான்கைந்து பேர் பேசவே இல்லை. காய் நகர்ந்ததும் அனைவரும் ஒரே சமயத்தில் முணுமுணுத்தார்கள். விளம்பரப் படங்களுக்காக வைத்த காட்சி என்று எண்ணி வருகிறவர்கள் அரைமணி நேரம் அந்தப் பலகையின் அருகே அமர்ந்து பார்த்தால், இது இவர்களுடைய அன்றாடம் என்பது விளங்கும். அவர்களை அனுமதி கேளாமல் படம் எடுக்காமல் இருப்பது விருந்தினரான நம் கடமை.

முற்றத்தில் உள்ள மற்றொரு குளத்தில் வட்டமாகச் சுழலும் நீரோட்டம் உண்டு. இளைஞர்களுக்கு அது பிடிக்கும். நடுவில் உள்ள நீச்சல் குளம் முறையாக நீந்த விரும்புவோருக்கானது, அதன் நீர் வெந்நீர்க் குளத்தைவிடக் குளிர்ச்சியானது. இவை இரண்டிலும் நான் அதிக நேரம் செலவிடவில்லை.

வந்தவர்களில் பலர் கவனிக்காமல் போவது உட்புறக் கூடங்களை. வெளியே படம் எடுத்துக்கொண்டதும் புறப்பட்டுவிடுகிறார்கள். உள்ளே 15 குளங்கள் வெவ்வேறு வெப்பநிலைகளில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மெல்லிய கந்தக வாடை வரும். அதற்கு மூக்கு சில நிமிடங்களில் பழகிவிடுகிறது. உயர்ந்த சாளரங்களின் வழியே வெளிறிய குளிர்கால வெளிச்சம் நீரில் விழ, வளைவுகளின் கீழே பேச்சொலி அடங்கி எதிரொலிக்க, மிதமான சூட்டில் தொடங்கி மிகுந்த சூட்டுக்கும் அங்கிருந்து குளிர்ந்த தொட்டிக்கும் மாறி மாறிச் செல்வதுதான் இந்த இடத்தின் முழுமையான அனுபவம். முதன்மை வாயிலின் குவிமாடத்துக்குக் கீழே நின்று மேலே உள்ள மொசைக் வேலைப்பாட்டையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். நோயாளிகளும் சாதாரண மக்களும் குளிப்பதற்கென்று கட்டிய ஒரு பொதுக் கட்டடத்துக்கு அரண்மனைக்குரிய அலங்காரத்தைக் கொடுத்த அந்தத் தலைமுறையின் மனத்தை நான் மிகவும் மதிக்கிறேன். கட்டடக் கலைஞர் ட்ஸிக்லர் இது கட்டி முடிவதற்குள்ளேயே மறைந்துவிட்டார் என்பதை அங்கே நினைத்துக்கொண்டேன்.

நேரத்தைப் பற்றி உறுதியாகச் சொல்ல வேண்டும். வாரநாளில், திறந்தவுடன் போய்விட வேண்டும். இருள் முழுதும் விலகாத அந்த வேளையில் விளக்கொளி ஆவியில் கலந்து கிடக்கும், கூட்டம் இருக்காது, பொழுது புலர்வதை வெந்நீரில் இருந்தபடியே பார்க்கலாம். முற்பகல் கழிந்ததும் சுற்றுலாக் கூட்டம் சேர்ந்துவிடுகிறது, வார இறுதியில் சொல்லவே வேண்டாம். மிகுந்த சூடுள்ள குளத்தில் ஒரே மூச்சாக இருபது நிமிடத்துக்கு மேல் அமர்வது நல்லதல்ல. இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்களும் கருவுற்றிருப்பவர்களும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே இறங்க வேண்டும். வியர்ப்பது நீருக்குள் தெரிவதில்லை என்பதால் இடையிடையே தண்ணீர் குடிப்பது அவசியம். புறப்படும்போது தலைமுடியை முழுவதுமாக உலர்த்தி, காதை மூடும் குல்லாயை அணிந்துகொண்டுதான் தெருவில் கால் வைக்க வேண்டும். இதில் அலட்சியம் காட்டினால் வெந்நீரில் ஏறிய சூடெல்லாம் தெருவிலேயே இறங்கிவிடும்.

வெளியே வந்தவுடன் வாய்தஹுன்யத் கோட்டை எதிர்ப்படும். ஹங்கேரியர்கள் இந்நிலத்தில் குடியேறிய ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாட 1896இல் நடந்த கண்காட்சிக்காக முதலில் மரத்தாலும் அட்டையாலும் எழுப்பப்பட்டு, மக்கள் விரும்பியதால் பின்னர் கல்லாலும் செங்கல்லாலும் கட்டப்பட்ட கோட்டை இது. ரோமானெஸ்க், கோதிக், மறுமலர்ச்சி, பரோக் என்று நான்கு காலத்துப் பாணிகளையும் ஒரே வளாகத்தில் காட்டுகிறது. அதன் காலடியில் உள்ள ஏரிப்பரப்பு குளிர்காலத்தில் பனிச்சறுக்குத் திடலாகிவிடும். 1870ஆம் ஆண்டு முதல் நகரத்து மக்கள் சறுக்கி விளையாடிவரும் இடம் அது. விளையாடத் தெரியாதவர்களும் பாலத்தின் மேல் நின்று பார்க்கலாம். பிறகு வீரர்கள் சதுக்கத்தைக் கடந்து ஆந்த்ராஷி சாலையில் நகர மையத்தை நோக்கி நடக்கலாம். இலையுதிர்ந்த மரங்கள் மறைக்காததால், கோடையில் கண்ணுக்குப் படாத மாளிகை முகப்புகளின் சிற்பங்களும் மாடச் சாளரங்களும் குளிர்காலத்தில் முழுமையாகத் தெரிகின்றன. வழியில் சூடான கூலாஷ் சூப் குடிக்காமல் போகக் கூடாது. மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். கரியின் மேல் சுழற்றிச் சுட்டுச் சர்க்கரை தூவித் தரும் கூர்த்தோஷ்கலாச் என்ற உருளை வடிவ இனிப்பு ரொட்டியைச் சுட்ட கணமே உண்ண வேண்டும். ஆறிவிட்டால் அதில் ஒன்றுமில்லை. உணவகங்களில் பில்லோடு சேவைக் கட்டணமும் சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்த பிறகே தனியாக அன்பளிப்பு வைப்பது பணத்தைக் காக்கும்.

பொழுது சாய்வதற்கு முன் டான்யூப் கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். நாடாளுமன்றக் கட்டடத்துக்குத் தெற்கே, ஆற்றின் விளிம்பில் இரும்பில் வார்த்த 60 ஜோடிக் காலணிகள் இருக்கின்றன. 1944, 1945ஆம் ஆண்டுகளின் அந்தக் கொடிய குளிர்காலத்தில் ஹங்கேரிய நாஜி ஆதரவாளர்களான அம்புச் சிலுவைக் கட்சியினர் யூதர்களைக் கரையில் நிறுத்தி, காலணிகளைக் கழற்றச் சொல்லிச் சுட்டு ஆற்றில் தள்ளினார்கள். காலணிக்குக்கூட அன்று விலை இருந்தது. அந்தக் கொலைகளின் நினைவாக 2005இல் இதை அமைத்தார்கள். ஆண்களின் தேய்ந்த பூட்ஸ், குதிகால் உயர்ந்த பெண் காலணி, குழந்தையின் சின்னஞ்சிறு செருப்பு. நான் போன அன்று அவற்றின் குழிகளில் பனி நிறைந்திருந்தது. யாரோ ஒரு குழந்தைக் காலணியிலிருந்து மட்டும் பனியை அகற்றி, அதில் ஒரு மெழுகுவர்த்தி வைத்திருந்தார்கள். இந்த இடத்தைக் குளிர்காலத்தில்தான் பார்க்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். அந்தக் காற்று எப்படி அறுத்திருக்கும் என்பதைக் கோடைகாலப் பயணி உணர முடியாது. காலையில் வெந்நீரில் கிடைத்த சுகத்தை நினைத்து அங்கே எனக்குக் கூச்சமாகவே இருந்தது. ஆயினும் இரண்டும் இதே நகரத்தின், இதே குளிரின் பகுதிகள் என்பதால் ஒன்றைப் பார்த்து மற்றொன்றைத் தவிர்ப்பது நியாயமாகப் படவில்லை.

விளக்குகள் ஏற்றிய பிறகு, பெஸ்ட் கரையோரமாகவே செல்லும் இரண்டாம் எண் டிராமில் ஏறி, ஆற்றுப்பக்க இருக்கையில் அமர்ந்துகொள்ளலாம். 1849இல் திறக்கப்பட்டு, 1945இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படைகளால் தகர்க்கப்பட்டு, சரியாக நூறாண்டு நிறைவில் 1949இல் மீண்டும் திறக்கப்பட்ட சங்கிலிப் பாலமும், அதற்குப் பின்னால் கோட்டைக் குன்றும் ஒளியோடு நகர்ந்து போகும். படகுச் சவாரிக்குக் கொடுக்கும் பணத்தில் சிறு பங்கு செலவில் அதே காட்சி கிடைக்கிறது, கதகதப்பான இருக்கையும் சேர்த்து.

மற்றக் குளியலகங்களோடு ஒப்பிட்டுக் கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது ருடாஷைப் பற்றி. ஆற்றின் மேற்குக் கரையில், 16ஆம் நூற்றாண்டில் உஸ்மானியர்கள் கட்டிய குளியலகம் அது. எட்டுத் தூண்கள் தாங்கும் குவிமாடத்தின் கீழே எண்கோணக் குளம். குவிமாடத்தில் பதித்த வண்ணக் கண்ணாடித் துளைகளின் வழியே மட்டும் ஒளிக்கற்றைகள் இறங்கும். அமைதியும் பழமையும் வேண்டுபவருக்கு அது சேச்செனியைவிட நிறைவளிக்கும். ஆனால் அந்தத் துருக்கியப் பகுதியில் ஆண்களுக்கென்றும் பெண்களுக்கென்றும் நாள் பிரிக்கும் வழக்கம் உண்டு என்பதால் குடும்பத்தோடு போகிறவர்கள் அன்றைய ஒழுங்கைப் பார்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும். பனி, ஆவி, திறந்த வானம், சதுரங்கம் ஆடும் பெரியவர்கள் எல்லாம் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் சேச்செனிக்கு ஈடில்லை. ஒரே ஒரு குளியலுக்குத்தான் நேரமும் பணமும் இருக்கிறது என்றால், ஒரு வாரநாளின் அதிகாலையில் சேச்செனிக்கே போகச் சொல்வேன். இரண்டுக்கு இடமிருந்தால் ருடாஷை ஊர் சுற்றிக் கால் வலிக்கும் கடைசி மாலைக்கு வைத்துக்கொள்ளலாம்.